தகவல் தொழில்நுட்பப் பட்டம்: படிகளை எண்ணிப் பார்த்து ஏறுவோம்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, சில மாதங்களின் பின் வெட்டுப்புள்ளியும் வெளியாகும் நாட்களில் எமது கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்றுண்டு: "பிள்ளை பாஸ்தான், ஆனால் கம்பஸ் கிடைக்கவில்லை." அதன் பின்னர் பல குடும்பங்கள் இரண்டு வழிகளில் ஒன்றையே தெரிவு செய்கின்றன. ஒன்று, படிப்பை அத்தோடு நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கொழும்பில் ஒரு கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ அனுப்புவது. மற்றது, கையிலுள்ள காசை, சிலவேளை காணிக்குக் கிடைத்த நட்ட ஈட்டுப் பணத்தையே, விளம்பரத்தில் கண்ட ஏதோவொரு கணினிப் பாடநெறிக்குக் கட்டுவது.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்றும் உண்டு. வீட்டிலிருந்தபடியே, படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஒரு சான்றிதழைக் கையில் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகப் பட்டம் வரை செல்லும் வழி அது. அந்த வழியையும், அதிலுள்ள மேடு பள்ளங்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. எமது நிலைமை

மாத்தளை மாவட்டத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் எல்லாம் ஒரே காரணத்தால் இடம்பெயர்ந்தவை அல்ல. வன்செயல்களினாலும் யுத்தத்தினாலும் வீடு வாசலை இழந்தவர்கள் உண்டு. தோட்டத்து லயனை விட்டு வெளியேறி, சிறு துண்டு நிலத்தில் மிளகும் மரக்கறியும் செய்து வாழ்பவர்கள் உண்டு. மொரகஹகந்த - களு கங்கை அபிவிருத்தித் திட்டத்தினால் நிலத்தை நீருக்குக் கொடுத்தவர்களும் உண்டு. 2007 இல் வேலை தொடங்கிய அத்திட்டத்தின் கீழ் 2017 ஜனவரியில் மொரகஹகந்தவில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 2018 இல் களு கங்கை நீர்த்தேக்கத்திலும் நீர் சேர்ந்தது. பழைய லக்கல நகரம் இருந்த இடத்தில் இன்று நீர் நிற்கிறது. அங்கிருந்த விவசாயக் குடும்பங்கள் நட்ட ஈடும் மாற்றுக் காணியும் பெற்றுப் புதிய இடங்களுக்குச் சென்றன.

காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றுதான். பாட்டன் வெட்டிய வயலைப் பேரன் செய்யும் தொடர்ச்சி அறுந்துவிட்டது. புதிய காணி சிறியது. அதை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒருவருக்கும் போதாது. ஆகவே பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய, மீண்டும் இடம்பெயர நேர்ந்தாலும் கூடவே எடுத்துச் செல்லக்கூடிய சொத்து கல்விதான் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அந்த நினைப்புச் சரியானதே. எந்தக் கல்வி, எந்த வழியில், எவ்வளவு செலவில் என்பதைத்தான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

2. பட்டத்திற்கு உள்ள வாயில்கள்

முதலாவது வாயில் அரச பல்கலைக்கழகத்தின் உள்வாரி அனுமதி. இதற்கு இஸட் புள்ளி வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமான இடங்கள் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. மாத்தளை அதில் இல்லை. ஆகவே மாத்தளைப் பிள்ளை 40 வீதத்திலும் 55 வீதத்திலும் மட்டுமே போட்டியிடுகிறது. பாடசாலை மாற்ற எண்ணும் பெற்றோர் இதையும் கவனிக்க வேண்டும்: ஒரு மாணவரின் மாவட்டம் எது என்பதை உயர்தரத்திற்கு முந்திய மூன்று ஆண்டுகள் அவர் எங்கே கற்றார் என்பதைக் கொண்டே வழமையாகத் தீர்மானிக்கிறார்கள்.

உள்வாரி அனுமதி கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. கல்விக் கட்டணம் இல்லை. தகுதியுள்ளவர்களுக்கு மஹாபொல புலமைப்பரிசிலும் உண்டு. கொழும்பு, மொறட்டுவை போன்ற இடங்களில் மட்டுமன்றி வவுனியாவிலும் தகவல் தொழில்நுட்பப் பட்டம் கற்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா, 2021 ஆகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது.

இரண்டாவது வாயில் தொழிற்கல்வி. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வீ.கியூ., ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ்கள்; ஐந்தும் ஆறும் டிப்ளோமா; ஏழு பட்டத்திற்குச் சமம். உயர்தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் கீழ்மட்டத்தில் நுழைந்து மேலே ஏற இடமுண்டு. இரத்மலானையிலுள்ள, யூனிவொடெக் என அழைக்கப்படும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இந்த வழியில் வருவோருக்காக அமைந்தது. கண்டியிலுள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமாவும் உண்டு.

மூன்றாவது வாயில் 1980 இல் தொடங்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகம். அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. மாத்தளையிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான்.

நான்காவது வாயில் வெளிவாரிப் பட்டம். இதையே நாம் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

3. இளைப்பாறும் தட்டுகள் உள்ள ஏணி

எமது நாட்டில் கணினிக் கல்விக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் காலஞ்சென்ற பேராசிரியர் வீ. கே. சமரநாயக்க. 1987 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினித் தொழில்நுட்ப நிறுவகம் உருவானபோது அதற்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்த நிறுவகம் 2000 ஆம் ஆண்டில் ஒரு வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. அதுதான் பி.ஐ.டி. எனப்படும் தகவல் தொழில்நுட்ப இளமாணிப் பட்டம். 2002 இல் அந்த நிறுவகமும் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையும் ஒன்றிணைந்து கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி ஆகின. இன்று அப்பட்டத்தை நடத்துவது அக்கல்லூரியே.

இப்பட்டத்தின் சிறப்பை எமது வாசகர்கள் மூன்று விடயங்களில் காணலாம்.

முதலாவது, இஸட் புள்ளி வெட்டு இதில் குறுக்கே நிற்பதில்லை. உயர்தரத்தில் சித்தியடைந்தவர் கலைத்துறையில் படித்திருந்தாலும் விண்ணப்பிக்க வழியுண்டு. நுழைவு விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலை வாசித்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கொழும்பில் அறை எடுத்துத் தங்கவேண்டிய கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை வகுத்து, பாடப்பொருட்களை இணையத்தில் வைத்து, பரீட்சையை நடத்துகிறது. மாணவர் தாமாகவே படிக்கலாம். விரும்பினால் தனியார் வகுப்பொன்றில் சேரலாம்.

மூன்றாவது விடயமே மிக முக்கியமானது. இந்த மூன்றாண்டுப் படிப்பு இளைப்பாறும் தட்டுகள் உள்ள ஏணியைப் போன்றது. முதலாம் ஆண்டுப் பாடங்களில் சித்தியடைந்தவர் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவுடன் வெளியேறலாம். இரண்டாம் ஆண்டையும் முடித்தவருக்கு உயர் டிப்ளோமா உண்டு. மூன்றாம் ஆண்டை முடித்தவர் பட்டதாரி. மழை பொய்த்து, அல்லது வீட்டில் ஒருவர் நோய்வாய்ப்பட்டு, இடையில் நிறுத்த நேர்ந்தாலும் முதல் தட்டைத் தொட்டவர் வெறுங்கையோடு இறங்குவதில்லை. நிச்சயமற்ற வருமானத்தில் வாழும் குடும்பத்திற்கு இது பெரிய பாதுகாப்பு.

4. அங்கே என்னதான் படிக்கிறார்கள்?

கடிதம் தட்டச்சுச் செய்வதும் படம் வரைவதும்தான் கணினிப் படிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். பட்டப்படிப்பில் அது மிகச் சிறிய பகுதி. கணிதம், கணினியின் அமைப்பு, நிரல் எழுதுதல், தரவுகளை ஒழுங்காகச் சேமித்தல், கணினிகளை இணைக்கும் வலையமைப்பு ஆகியனவே முதன்மையான பாடங்கள். இறுதியாண்டில் ஒரு நிறுவனத்தின் உண்மையான தேவைக்கு மென்பொருள் ஒன்றைத் தாமே உருவாக்கிக் காட்ட வேண்டும்.

இதன் சுவையை அறிய வீட்டில் ஒரு சிறு பாடம் நடத்திப் பார்ப்போம். கணினி வேண்டாம், மிளகு நிறுக்கும் தராசை நினைத்துக்கொண்டால் போதும். எம்மிடம் ஐந்து படிக்கற்கள் மட்டும் இருக்கின்றன: 16 கிலோ, 8 கிலோ, 4 கிலோ, 2 கிலோ, 1 கிலோ. இவற்றைக் கொண்டு 1 கிலோ முதல் 31 கிலோ வரை எந்த முழு நிறையையும் நிறுக்கலாம்.

மூட்டை 13 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெரிய கல்லிலிருந்து தொடங்குங்கள். 16 கூடுதல், வேண்டாம். 8 ஐ வையுங்கள். இன்னும் 5 தேவை. 4 ஐ வையுங்கள். இன்னும் 1 தேவை. 2 கூடுதல், வேண்டாம். 1 ஐ வையுங்கள், சரியாகிவிட்டது. வைத்த கல்லுக்கு 1 என்றும் வைக்காத கல்லுக்கு 0 என்றும் வரிசையாக எழுதினால் 01101 என வரும். கணினி 13 என்ற எண்ணை இவ்வாறுதான் தனக்குள் வைத்திருக்கிறது. அதற்குத் தெரிந்தது இரண்டே நிலைகள்: மின்சாரம் உண்டு, இல்லை, கல் உண்டு, இல்லை.

"பெரிய கல்லிலிருந்து தொடங்கு, கூடுதலானால் விடு, இல்லையெனில் வை, மீதியைப் பார், அடுத்த கல்லுக்குப் போ" என்ற ஒழுங்கை கணினிக்கு விளங்கும் மொழியில் எழுதுவதே நிரலெழுதுதல். இப்போது 22 கிலோவையும் 29 கிலோவையும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். விடை இப்பாடத்தின் இறுதியில் உண்டு. ஆறாவதாக 32 கிலோக் கல் ஒன்று கிடைத்தால் எத்தனை கிலோ வரை நிறுக்கலாம் என்றும் கேளுங்கள். விடையைச் சொன்னதோடு நில்லாமல் "ஏன் அப்படி?" என்று திருப்பிக் கேட்கும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு பிடிக்கும். கணக்கைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளையை, ஊரார் போகிறார்கள் என்பதற்காக இதில் தள்ளுவது நல்லதல்ல. அப்பிள்ளைக்கு வேறு நல்ல துறைகள் உண்டு.

5. வேலி எங்கே இருக்கிறது?

வாயில் திறந்திருக்கிறது என்பதால் பாதை இலகுவானது என்று கொள்ளக்கூடாது. முதல் வேலி ஆங்கிலம். இப்பட்டத்தின் பாடங்களும் பரீட்சையும் ஆங்கிலமொழி மூலமே. தமிழ்மொழி மூலம் கற்று நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளும் இங்கே திணறுவதுண்டு. அது அறிவுக் குறைவு அல்ல, பழக்கக் குறைவு. ஆகவே உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களை வீணாக்காமல், தினமும் ஒரு பக்கம் கணினி பற்றிய ஆங்கிலப் பாடத்தை வாசித்து, புதிய சொற்களைத் தமிழ் விளக்கத்துடன் ஒரு கொப்பியில் எழுதி வரலாம். அந்தக் கொப்பி பின்னர் தம்பி தங்கைக்கும் உதவும்.

இரண்டாவது வேலி தனிமை. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்பார் என்ற பயம் வெளிவாரி மாணவருக்கு இல்லை. இன்று படிக்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பரீட்சை மண்டபத்தில்தான் அது தெரியவரும். உக்குவளையிலும் இரத்தோட்டையிலும் மாத்தளை நகரிலுமாக ஒரே பாடத்தைப் படிக்கும் மூன்று நான்கு பிள்ளைகள் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடிப் படித்தால் இந்த வேலியைத் தாண்டலாம். ஊர் மண்டபம், பாடசாலை, கோயில், தேவாலயம் என எதுவாயினும் ஒரு மேசையும் மின்விளக்கும் கொடுக்க முன்வரட்டும்.

மூன்றாவது வேலி கருவி. கைத்தொலைபேசியில் பாடத்தை வாசிக்கலாம். ஆனால் நிரலெழுதிப் பழக ஒரு கணினி தேவை. ஆரம்பத்திற்குப் பாவித்த மடிக்கணினி போதும். அதையும் உடனே வாங்கவேண்டியதில்லை. முதலில் பிள்ளைக்கு ஆர்வம் உண்டா என்று பாருங்கள். பைதன் என்ற கணினி மொழியில் நிரலெழுதத் தொடங்குவோருக்கான பாடநெறியொன்றை மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் கட்டணமின்றி வழங்கியிருக்கிறது. இவ்வாறான ஒன்றைப் பிள்ளை முழுமையாக முடித்தால், பணம் செலவிடும் துணிவு எமக்கும் வரும்.

6. விதைநெல்லைக் குற்றிச் சமைக்க வேண்டாம்

நட்ட ஈட்டுப் பணம் ஒருமுறைதான் வரும். அது விதைநெல் போன்றது. அதைக் கல்வியில் விதைப்பது தவறல்ல. ஆனால் மண்ணைப் பார்த்து விதைக்க வேண்டும். எந்த நிறுவனத்திலும் பணம் கட்டுமுன் பின்வரும் ஐந்து கேள்விகளைக் கேட்டு, விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

அ. பட்டத்தை வழங்குவது யார்? வகுப்பு நடத்தும் நிறுவனம் வேறு. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் வேறாக இருக்கலாம்.

ஆ. அப்பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்ற நிறுவனமா? நிறுவனத்தின் சொல்லை மட்டும் நம்பாமல் ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள்.

இ. முதல் நாள் தொடக்கம் கடைசி நாள் வரை மொத்தச் செலவு எவ்வளவு? அதில் ஏதாவது பகுதி வெளிநாட்டு நாணயத்தில் கட்டவேண்டியதா? 2022 இன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபாவை ஒட்டியிருந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் அது 360 ரூபாவை அண்மித்தது. டொலரில் கட்டணம் ஒப்புக்கொண்ட குடும்பத்திற்கு ஒரு சில மாதங்களில் சுமை ஏறத்தாழ இரு மடங்காகியது.

ஈ. இடையில் நிறுத்தினால் பிள்ளையின் கையில் என்ன சான்றிதழ் இருக்கும்?

உ. வகுப்புத் தொடங்குமுன் விலகினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

இக்கேள்விகளுக்கு நேரான விடை தராமல் "இன்றே கட்டினால் கழிவு" என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே புத்தி.

அரச பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்திற்கும் செலவு உண்டு. பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் மாணவரே கட்ட வேண்டும், மஹாபொல இல்லை. எனினும் ஒரே தடவையில் முழுத் தொகையும் தேவைப்படுவதில்லை. முதலாம் ஆண்டுக்கு மட்டும் பணத்தை ஒதுக்கி, அதில் பிள்ளை சித்தியடைவதைக் கண்ட பின்னர் இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்குங்கள். ஒரு போகத்தின் விளைச்சலைப் பார்த்து அடுத்த போகத்திற்குத் திட்டமிடுவது எமக்குப் புதிதல்லவே.

7. பெட்டியில் இருக்கவேண்டிய பத்திரங்கள்

இடம்பெயர்ந்தோர் பிள்ளைகள் விண்ணப்பத்திலேயே தடுக்கி விழுவது பத்திரங்களினால்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறு எழுத்து, அடையாள அட்டையில் தந்தையின் பெயர் மாறிய முதலெழுத்து என்று பல சிக்கல்கள். பரீட்சைக்குத் தோற்றுமுன்னரே மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் நாடி இப்போதே திருத்துங்கள். சாதாரணதர, உயர்தரச் சான்றிதழ்கள் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திடம் விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பெறுபேற்றைப் பெறலாம். சுட்டெண்ணும் பரீட்சை ஆண்டும் தெரிந்தால் வேலை இலகு. அவற்றை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் எறிந்துவிட வேண்டாம். எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

8. குடும்பத்தின் பங்கு

வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளையைச் "சும்மா இருக்கிறான்" என்று நினைப்பது எமது வழக்கம். மிளகு பறிக்கும் காலமும் பரீட்சைக் காலமும் ஒன்றாக வந்தால் முதலில் விடுபடுவது புத்தகம்தான். மகள் என்றால் இன்னும் கடினம். அடுப்படி, தண்ணீர், தம்பியைப் பார்த்தல் என எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகிவிடும். அவள் தோற்றால் "படிப்பு ஏறவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். நேரம் கொடுத்தோமா என்று எம்மை நாமே கேட்பதில்லை. வெளியூரில் தங்கவைக்க அஞ்சும் பெற்றோருக்கு இந்த வெளிவாரிப் படிப்பு மகளுக்கு ஏற்ற வழியாகத் தோன்றும். உண்மைதான். ஆனால் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலமாவது அவளுடையதாக வீட்டார் ஒதுக்கிக் கொடுத்தால் மட்டுமே அது ஏற்ற வழியாகும்.

பட்டம் பெற்றதும் வேலை வந்து கதவைத் தட்டும் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. தான் செய்த வேலையைக் காட்டக்கூடியவருக்கே இத்துறையில் இடமுண்டு. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, மிளகு சேகரிப்பு நிலையத்தின் கொள்வனவுப் பதிவு, நீர் விநியோக அட்டவணை என எமது கிராமத்திலேயே மென்பொருள் தேவைப்படும் வேலைகள் பல உண்டு. அவற்றில் ஒன்றைச் செய்து காட்டிய பிள்ளை வேலை கேட்கப் போகும்போது வெறும் சான்றிதழோடு போவதில்லை.

கலந்துரையாடலுக்கு

உங்கள் சங்கக் கூட்டத்திலோ அயலவர் குழுவிலோ பின்வரும் வினாக்களைக் கலந்துரையாடுங்கள்.

1. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எமது கிராமத்தில் எத்தனை பேர்? மேலே கூறிய நான்கு வாயில்களில் ஒவ்வொருவருக்கும் ஏற்றது எது?

2. கல்விக்கென்று இதுவரை செலவிட்ட பணத்தில் பயன் தந்தது எது, தராதது எது? ஏன்?

3. எமது பெண்பிள்ளைகளுக்குப் படிக்க ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் கிடைக்கிறது? அதை அதிகரிக்க வீட்டில் யார் எந்த வேலையைப் பொறுப்பேற்கலாம்?

4. சில பிள்ளைகள் வாரம் ஒருமுறை கூடிப் படிக்க எமது ஊரில் எந்த இடத்தைக் கொடுக்கலாம்?

படிக்கல் கணக்கின் விடைகள்: 22 கிலோவுக்கு 16, 4, 2 ஆகிய கற்கள், எழுதும் விதம் 10110. 29 கிலோவுக்கு 16, 8, 4, 1 ஆகிய கற்கள். எழுதும் விதம் 11101. ஆறாவது கல்லும் சேர்ந்தால் 63 கிலோ வரை நிறுக்கலாம்.